கந்தோரும் தோட்டக்காடும்

கோலாலம்பூர் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்து போகும் தூரத்தில் பிரிக்பீல்ட்ஸ். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்துவைத்த பகுதி இது. வண்ண வளைவுகள், பூக்கடைகள், புடவைக் கடைகள், வாழை இலைச் சாப்பாடு எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். வந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு அந்தப் பெயர்ப்பலகை ஒரே பதிலைத்தான் சொல்கிறது. ஸ்காட் சாலைப் பக்கம் திரும்பினால் வேறொரு பதில் தெரியும். அங்கே நிற்கும் கந்தசுவாமி கோயில், நல்லூர்க் கந்தனை மனத்தில் வைத்து இலங்கைச் சைவர்கள் எழுப்பியது. கொஞ்சம் தள்ளி இருக்கும் விவேகானந்த ஆசிரமம் 1904-இல் அவர்களுடைய முயற்சியால் தொடங்கியது. 1905-இல் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய ‘நூறு குவார்ட்டர்ஸ்’ இங்கேதான் இருந்தது. அதை இடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நிலையத்தில் கொடி காட்டியவரும், டிக்கெட் கிழித்தவரும், கணக்குப் பேரேட்டில் கூட்டிக் கழித்தவரும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார். வெயிலில் ஜல்லி கொட்டித் தண்டவாளம் போட்டவர்கள் தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். ஒரே நிலையத்தில் ஒரே மொழி பேசிய இந்த இரு கூட்டத்தாரின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று தேடினால், இடைவெளி திடுக்கிட வைக்கிறது.

அந்த இடைவெளியைக் கண்ணால் காண, 1886-இல் திறந்த கிள்ளான் ரயில் பாதையைப் பிடித்து மேற்கே போக வேண்டும். கிள்ளான், பிறகு முன்னாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட துறைமுகம், அங்கிருந்து தெற்கே கேரித் தீவு. ஒருகாலத்தில் இந்த வட்டாரம் முழுக்கக் கித்தா (ரப்பர்) காடு. இன்று வரிசை பிசகாமல் செம்பனை. தோட்டம் என்று ஒன்று எஞ்சியிருக்கும் இடத்திலெல்லாம் அதே அமைப்பு: மேட்டில் துரை பங்களா, அதற்குக் கீழே எழுத்தர்களான கிராணிமார் வீடுகள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூடும் களம், ஒட்டி ஒட்டி நிற்கும் லயங்கள், ஓர் ஓரத்தில் மாரியம்மன் கோயில், இன்னோர் ஓரத்தில் தமிழ்ப் பள்ளி. முன்பு கள்ளுக்கடையும் இருந்தது. ஒரு மனிதன் பிறந்து, படித்து, உழைத்து, குடித்து, கும்பிட்டு, சாவதற்கு வேண்டியதெல்லாம் அந்த வேலிக்குள் அடங்கிவிடும். வெளியே போகும் வழி மட்டும் அந்த வரைபடத்தில் இல்லை. யாழ்ப்பாணத்தாரின் மலாயாவில் முதலில் இருந்ததே அந்த வழிதான்: ரயில், தபால், தந்தி, கச்சேரி.

இரு குடியேறிகளின் நிலையை ஒப்பிடுவது எளிதில் பிழையாகும் வேலை. மொழி வேறு, மதம் வேறு, வந்த காலம் வேறு என்றால் எந்தக் காரணம் எதைச் செய்தது என்று பிரித்தறிய முடியாது. சீனர் உயர்ந்தார்கள், இந்தியர் தாழ்ந்தார்கள் என்று மலேசியாவில் வழக்கமாகச் செய்யும் ஒப்பீட்டில் இந்தக் குறை இருக்கிறது. மலாயாவின் இரு தமிழ்க் கூட்டங்களை ஒப்பிடும்போது அது பெருமளவு நீங்கிவிடுகிறது. இருவரும் தமிழர். இருவரிலும் பெரும்பாலோர் சைவர், முருகனையும் அம்மனையும் கும்பிட்டவர். இருவரும் ஏறத்தாழ 1880-க்கும் 1930-க்கும் இடைப்பட்ட அதே அரை நூற்றாண்டில், அதே பிரிட்டிஷ் ஆட்சியின் தேவைக்காக வந்தவர்கள். குணம், பண்பாடு, ‘நம்மவர் புத்தி’ என்று நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்கள் உண்மையென்றால் இருவர் கதையும் ஓரளவு ஒத்திருக்க வேண்டும். ஒத்திருக்கவில்லை. ஒரு சமூகம் புதிய நாட்டில் எங்கே போய்ச் சேரும் என்பதை அதன் குணத்தைவிட, அது எந்த வேலைக்காக, யார் செலவில், எந்த நிபந்தனையில் உள்ளே விடப்பட்டது என்பதே முடிவு செய்கிறது என்று நான் நினைக்கிறேன். மலாயாத் தமிழர் வரலாற்றைப் போல இதற்குத் தெளிவான சான்று வேறெங்கும் கிடைப்பது அரிது.

யாழ்ப்பாணத்தார் எப்படி வந்தார்கள்? கதை மலாயாவில் தொடங்கவில்லை, வட்டுக்கோட்டையில் தொடங்குகிறது. 1816-இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். இலங்கையில் இவர்களுக்கு வடக்கு ஒதுக்கப்பட்டது. 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824-இல் உடுவில் பெண்கள் பள்ளியும் எழுந்தன. மதமாற்றத்துக்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். போட்டி முற்ற முற்றப் பள்ளிகள் பெருகின. வறண்ட, சிறிய, நெருக்கமாகக் குடியமர்ந்த ஒரு தீபகற்பத்தில், நிலத்தால் தாங்க முடியாத அளவுக்கு ஆங்கிலம் படித்த இளைஞர்கள் சேர்ந்துவிட்டார்கள். அதே சமயத்தில் மலாயாவில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் பாதை திறந்தது. இலங்கையில் வேலை பார்த்துப் பழகிய பொறியாளர்களும் அதிகாரிகளும் அங்கே மாற்றலாகிப் போனார்கள். இலங்கைப் பொதுப்பணித் துறையிலிருந்து சிலாங்கூருக்கு வந்து, பின்னர் மலாய் மாநிலங்களின் ரயில்வேக்குப் பொது மேலாளரான சி. இ. ஸ்பூனர் அவர்களில் ஒருவர். தமக்குப் பழக்கமான யாழ்ப்பாணக் குமாஸ்தாவையும் நில அளவையாளரையும் அவர்கள் வரவழைத்தார்கள். ஒருவர் போய் மைத்துனருக்கு எழுதினார், மைத்துனர் போய்த் தன் ஊர்ப் பையனுக்கு எழுதினார். கந்தோர் (அலுவலக) உத்தியோகம், மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், முடிவில் பென்ஷன். யாழ்ப்பாணக் கிராமங்களில் ‘மலாயா பென்ஷனியர்’ என்பது தனி ஒரு மனித வகையாகவே ஆயிற்று. அவருக்கு வரும் மணியோடர் வீட்டுக்கு ஓடு போட்டது, மகளுக்குச் சீதனம் சேர்த்தது, ஊர்ப் பள்ளிக்கு இன்னொரு கட்டடம் எழுப்பியது.

தோட்டத் தமிழர் வந்த வழி வேறு. முதலில் சஞ்சிக்கூலி: குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கைநாட்டு வைத்த ஒப்பந்தம், மீறினால் சிறை. 1910-இல் மலாயாவில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். அதற்குள் கித்தா விலை ஏறி, தோட்டங்கள் ஆயிரக்கணக்கில் ஆள் கேட்டன. அந்தப் பசியைத் தீர்த்தது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்த ஒருவரைத் துரை லைசென்ஸோடு ஊருக்கு அனுப்புவார். அவர் தன் கிராமத்திலும் சுற்று வட்டாரத்திலும் ஆள் சேர்ப்பார். முன்பணம் வாங்கியவன் கடனோடு கப்பலேறுவான். கூலியாள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே ஆள் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது கங்காணியின் சொந்த லாபம். 1907-இல் தொடங்கிய குடியேற்ற நிதி கப்பல் கட்டணத்தை ஏற்றதால் ஆள் கொண்டுவருவது இன்னும் சுலபமாயிற்று. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைத்து, கப்பலின் மேல்தட்டில் ஏற்றிப் பினாங்குக்கோ போர்ட் சுவெட்டன்ஹாமுக்கோ அனுப்பினார்கள். 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அரசே கூலியை நிர்ணயித்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதையும் வெட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். கூலித் தகராறு தொடர்ந்ததால் 1938-இல் இந்திய அரசு தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உறவினரும் ஊராரும் ஒருவர் பின் ஒருவராகச் சங்கிலியாய்ப் போனது இரு தரப்புக்கும் பொது. யாழ்ப்பாணத்தார் குடும்பப் பாசத்தால் ஒருவரையொருவர் தூக்கிவிட்டார்கள், கூலித் தமிழர் அப்படிச் செய்யவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. கங்காணி கூட்டிவந்ததும் தன் சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும்தான். சங்கிலி ஒன்றே. அதன் மறுமுனை எதில் மாட்டியிருந்தது என்பதில்தான் வேறுபாடு. ஒன்று சம்பளப் பட்டியலில் மாட்டியிருந்தது, மற்றது கடன் பேரேட்டில்.

அடுத்த தலைமுறையைத் தீர்மானித்தது பள்ளி. கந்தோர்க்காரர் நகரத்தில் இருந்தார். அவர் பிள்ளைகளுக்குக் கோலாலம்பூரிலும் சிரம்பானிலும் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் அரசு, மிஷன் ஆங்கிலப் பள்ளிகள் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. பெண் பிள்ளைகளும் படித்தார்கள். தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது வேறு. பத்துப் பிள்ளைகளாவது இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கட்டடம் என்ற பெயரில் ஒரு கொட்டகை, வாத்தியார் என்ற பெயரில் எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ, சில ஆண்டுத் தமிழ்ப் படிப்பு என்பதே பல தோட்டங்களில் நிலைமை. காலையில் அம்மாவோடு பால் மரத்துக்குப் போய்ப் பீங்கான் கழுவ உதவிவிட்டுப் பிறகு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் ஏராளம். அந்தப் பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்குப் பாலம் கிடையாது. தோட்ட முதலாளிக்கு இது குறையாகத் தெரியவில்லை. அவருக்கு அடுத்த தலைமுறைப் பால்வெட்டுக்காரர் தேவைப்பட்டார். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கும் கிள்ளான் தோட்டப் பள்ளிக்கும் உள்ள தூரத்தில் இந்த முழு வரலாறும் அடங்கிக் கிடக்கிறது என்றால் மிகையில்லை. ஒன்று மாணவனை வெளியே அனுப்பவே கட்டப்பட்டது, மற்றது உள்ளே வைத்துக்கொள்ள.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு, சிக்கனம். யாழ்ப்பாணத்தார் பனங்கிழங்கைத் தின்று காசு சேர்ப்பவர், கோலாலம்பூரில் 1920களிலேயே கூட்டுறவுச் சங்கம் அமைத்தவர், தோட்டத்தார் கூலியைக் கள்ளுக்கடையில் விட்டவர் என்பார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது ஏமாற்றுகிறது. மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் 1922-இல் வந்ததற்கு ஒரு காரணம், அரசாங்கக் குமாஸ்தாக்கள் செட்டியார் கடைகளிடம் கடனில் மூழ்கிக் கிடந்தது. அதாவது சிக்கனத்துக்குப் பேர்போன அந்த வர்க்கமும் கடனாளியாகத்தான் இருந்தது. அவர்களைக் கரையேற்றியது மாதச் சம்பளத்திலிருந்து நேரே பிடித்தம் செய்யும் கூட்டுறவு என்ற ஏற்பாடு. நாட்கூலிக்காரரிடம் அந்தப் பிடித்தத்தைச் செய்ய முடியாது. அவருக்கு இருந்த ஒரே பிடித்தம் தோட்டக் கடைக்காரருடையது. கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள் வைத்தது யார், அதன் லைசென்ஸ் வருமானம் யாருக்குப் போயிற்று என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். இன்னொரு சான்றும் இருக்கிறது. விடுதலைக்குப் பிறகு பிரிட்டிஷ் முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் வி. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியவர்கள் தோட்டத் தொழிலாளர்கள்தான். அந்தப் பணத்தில் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். சேமிக்கும் குணம் அவர்களிடம் அன்று திடீரென்று முளைக்கவில்லை. சேமித்தால் போட்டுவைக்க ஓர் இடம் அன்றுதான் கிடைத்தது.

இரண்டாவது மறுப்பு கனமானது: சாதி. மலாயாவுக்குப் போன யாழ்ப்பாணத்தார் பெரும்பாலும் வெள்ளாளர். தோட்டத்துக்குப் போனவர்களில் கணிசமானோர் ஊரில் நிலமில்லாமல், குளத்தில் தண்ணீர் எடுக்கவும் உரிமையில்லாமல் இருந்த பறையரும் பள்ளரும். ஆகவே கப்பலேறும் முன்பே இடைவெளி இருந்தது, மலாயா அதை உண்டாக்கவில்லை என்று சொல்லலாம். இந்த வாதத்தை ஒதுக்கித் தள்ளுவது நேர்மையாகாது. ஊரில் மேலே இருந்தவருக்குப் பள்ளி எட்டியது, பள்ளி எட்டியவருக்குக் கந்தோர் எட்டியது. யாழ்ப்பாணத்திலேயே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றவரோடு சமமாக பெஞ்சில் உட்காரும் ‘சம ஆசன’த்துக்கு 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில்கூடக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் சாதி மட்டுமே விளக்கமாகாது. தோட்டத்துக்குப் போனவர்களில் வன்னியரும் கள்ளரும் கவுண்டரும் கணிசம். லயத்தில் அவர்கள் சாதி வரிசையைக் காப்பாற்றிக்கொண்டார்கள், மூன்றாம் தலைமுறையில் லயத்தை விட்டு வெளியேறியதில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. ஆந்திராவிலிருந்து வந்த தெலுங்குத் தொழிலாளருக்கும் அதே கதிதான். மறுபக்கம், திருவிதாங்கூர், மலபார்ப் பள்ளிகளில் ஆங்கிலம் படித்துத் தோட்டக் கிராணியாக வந்த மலையாளிகள், யாழ்ப்பாணத்தாரைப் போலவே மேலேறினார்கள். மொழியும் சாதியும் ஊரும் மாறியும், வேலையும் பள்ளியும் ஒத்திருந்தால் முடிவு ஒத்திருந்தது. யார் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று சாதி பிரித்தது. எந்த வாசலுக்குப் பின்னால் படிக்கட்டு, எதற்குப் பின்னால் வேலி என்று முடிவு செய்தது மலாயாவின் பொருளாதாரம்.

இந்த இரு கூட்டமும் ஒன்றையொன்று பாராமல் தனித்தனியே வாழவில்லை, அதுதான் வருத்தமான பகுதி. தோட்ட ஆபீசில் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே கணக்கெழுதிய கிராணியும், மருந்து கொடுத்த டிரஸ்ஸரும் பெரும்பாலும் மலையாளி அல்லது யாழ்ப்பாணத்தார். தொழிலாளியின் நாள் கணக்கு அவர் பேனா முனையில் இருந்தது. 1941-இல் ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது முன்வைத்த கோரிக்கைகளைப் படித்தால் மனம் கனக்கிறது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, தோட்டத்துக்குள் கள் விற்பனைக்குத் தடை, பெண்களிடம் அத்துமீறலுக்கு முடிவு. இவற்றோடு, கொடுமை செய்யும் ஆசிய ஊழியர்களை நீக்கித் தமிழ் படித்தவர்களை வைக்க வேண்டும் என்றும், துரையையோ கிராணியையோ எதிரே கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். சைக்கிள் வாங்கும் அளவுக்குக் காசு சேர்த்த மனிதன், தன் மொழியே பேசும் இன்னொருவன் முன்னால் இறங்கி நிற்க வேண்டியிருந்தது. அரசு படையை இறக்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இறந்தார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். கிராணிமாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைச் சொல்லவில்லை. மேலேறும் படிக்கட்டு மிகக் குறுகலாக இருக்கும்போது, அதில் நிற்பவர் கீழே நிற்பவரிடமிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ‘நாங்கள் இலங்கையர், இந்தியர் அல்ல’ என்று தனிச் சங்கங்களும் தனிப் பிரதிநிதித்துவமும் யாழ்ப்பாணத்தார் கேட்டதன் பின்னே இந்த அச்சமும் இருந்தது.

போர்க்காலம் அந்த வேறுபாட்டை உயிர்க் கணக்கில் எழுதியது. ஜப்பானியர் காலத்தில் கந்தோர்க்காரர் பட்டினியும் பதவி இழப்பும் கண்டார். தோட்டத்தாரைச் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. 1957-இல் விடுதலை வந்தபோது படித்தவர் குடியுரிமைப் படிவத்தைப் படித்து நிரப்பினார். தோட்டத்தில் பலருக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தாமதமாகத் தெரிந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். அதன் விலை 1969-இல் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும் என்ற சட்டத்தால் ஏறத்தாழ 60,000 பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களில் பலர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

மூன்றாவது மறுப்பு இங்கேதான் எழுகிறது. விடுதலைக்குப் பிந்தைய அரசின் கொள்கையே காரணம், அதிலும் 1971-இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கு முன்னுரிமை தந்து இந்தியரை ஒதுக்கியது என்பார்கள். ஒதுக்கியது உண்மை. ஆனால் அது இரு கூட்டத்தாரையும் ஒதுக்கியது, விளைவு மட்டும் ஒன்றாக இல்லை. அரசு வேலைக் கதவு சாத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்தார் பிள்ளைகள் சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் கணக்காய்வுக்கும் போனார்கள், பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்தார்கள். 1970-இல் மலேசிய மருத்துவர்களில் 100-க்கு 40 பேர் இந்தியர் என்று அரசின் திட்ட ஆவணங்கள் காட்டின. மக்கள்தொகையில் இந்தியர் பங்கு 11 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. இந்த எண்ணைக் கண்டு ‘இந்தியர் நன்றாகத்தானே இருக்கிறார்கள்’ என்று கொள்கை வகுத்தவர்கள் நினைத்திருந்தால் வியப்பில்லை. அந்த 40 பேரில் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் இந்தியாவிலிருந்து நேரே வந்த மருத்துவர்களும் எத்தனை, பால்வெட்டுக்காரர் பிள்ளைகள் எத்தனை என்று ‘இந்தியர்’ என்ற ஒற்றைக் கட்டம் சொல்லாது. சராசரிக்குள் தோட்டத்தார் காணாமல் போனார்கள். ஏழை மலாய்க்காரருக்கு நில மேம்பாட்டுத் திட்டம் இருந்தது, ஏழைச் சீனர் பலருக்குப் புதுக்கிராமமும் வணிகச் சங்கமும் இருந்தன, தோட்டத்தாருக்குத் தோட்டம் மட்டும் இருந்தது. அதுவும் கைவிட்டது. கித்தா போய்ச் செம்பனை வந்ததும் ஆள் தேவை குறைந்தது. நகரம் பெருகப் பெருக நிலத்தை வீடமைப்புக்கும் விமான நிலையத்துக்கும் கோல்ப் மைதானத்துக்கும் விற்றார்கள். 1980-க்குப் பிந்தைய 20 ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் பேர் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. வேலை போனபோது வீடும், கோயிலும், பிள்ளையின் பள்ளியும், பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே நாளில் போனார்கள். கந்தோர்க்காரருக்கு ஓய்வு என்றால் பென்ஷன், தோட்டத்தாருக்கு ஓய்வு என்றால் லயத்தைக் காலி செய்வது. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் தெருக்களில் இந்து உரிமை அமைப்பான ஹிண்ட்ராப்பின் பதாகையின் கீழ் திரண்ட கூட்டத்தின் பின்னணி இது. அவர்கள் பிரிட்டிஷ் அரசின் மீது, எங்கள் முன்னோரை எந்த நிபந்தனையில் கொண்டுவந்து எந்த நிலையில் விட்டுப் போனாய் என்று கேட்டு வழக்குத் தொடுத்ததைச் சிலர் வெறும் நாடகம் என்றார்கள். கேட்ட கேள்வி சரியான கேள்வி.

யாழ்ப்பாணத்தார் வெற்றியை மிகைப்படுத்தவும் கூடாது. அவர்கள் தொகை எந்தக் காலத்திலும் சில பத்தாயிரங்களைத் தாண்டவில்லை. பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்து நாட்டின் முன்னணிச் செல்வந்தர்களில் ஒருவரான ஆனந்த கிருஷ்ணன் போன்றவர் விதிவிலக்கு. சம்பளம், சேமிப்பு, படிப்பு, மீண்டும் சம்பளம் என்ற வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலோர் சுழன்றார்கள். வணிக முதல் திரளவில்லை. கந்தோர் அவர்களுக்குத் தந்த பாதுகாப்பே அவர்களைக் கந்தோரோடு கட்டிப்போட்டது. இன்று பிள்ளைகள் கடல் கடந்துவிட, சங்கக் கட்டடங்களில் முதியவர்களே மிஞ்சியிருக்கிறார்கள். ஆனாலும் அந்தச் சிறு கூட்டத்துக்குப் பொது வாழ்வில் கிடைத்த இடம் பெரிது. வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானார். ஈப்போவில் 1898-இல் பிறந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் இலங்கைத் தமிழரின் தலைவரானார். 1948-இல் இலங்கை அரசு மலையகத் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தபோது, தன் கட்சித் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலத்தோடு முறித்துக்கொண்டு வெளியேறி, அடுத்த ஆண்டு தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர் அவர். இலங்கையிலும் அதே இரு தமிழர், அதே இரு வாசல். கந்தோர்த் தமிழர் ஒருவர் தோட்டத் தமிழருக்காகத் தன் அரசியல் வீட்டை விட்டு வெளியேற முடிந்தது என்பதை, சைக்கிளை விட்டு இறங்கிய கதைக்குப் பக்கத்திலேயே நான் வைத்துப் பார்க்கிறேன்.

கேரித் தீவிலிருந்து வடக்கே கோலசிலாங்கூர் வரை உள்ள தோட்டங்களில் இன்று தமிழ்க் குடும்பங்கள் சொற்பம். நகர ஓரத்து அடுக்குமாடிகளுக்குப் போனவர்களின் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் சிலவும் லைசென்ஸோடு இடம் பெயர்ந்துவிட்டன. எஞ்சியவற்றில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கு மாணவர்கள். லயங்கள் காலியாக இல்லை. இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் நேபாளிகளும் அங்கே தங்குகிறார்கள். அவர்களுடைய பெர்மிட் ஒரு முதலாளியின் பெயரோடு சேர்ந்தது, அவரை விட்டு வேறிடம் போனால் செல்லாது. குடும்பத்தை அழைத்துவர அனுமதி இல்லை. ஆவணம் இல்லாமல் இங்கே பிறக்கும் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பதில்லை. ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் கடனாக நிற்பதால், வந்த புதிதில் வாங்கும் சம்பளம் மாதாமாதம் அதற்கே போகிறது.